பசு விழுந்த வெள்ளிக்கிழமை

வானத்திலிருந்து பசுவை விழச் சொன்னது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்றுதான் இந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தப்பு. சொன்னவர் ஜெராக்ஸ்காரர். அவருக்கும் பசுவின் மேல் விரோதம் எதுவும் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் இங்கே ஆள் இல்லை. மற்றவர்கள் எல்லோருக்கும் இதில் ஏதாவது ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள்.

நான் தையல்காரி. ஜெராக்ஸ் கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில் வீடு. மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. குப்பை வண்டி ஒன்று நுழைந்தால் சைக்கிள் ஒதுங்க இடமில்லாத சந்து, அதைத் தாண்டினால் பள்ளிக்கூடம். என் ஜன்னலிலிருந்து குனிந்தால் மூன்றாம் வகுப்பு கரும்பலகை வரை தெரியும். நிமிர்ந்தால் மாடியில் பெரிய டீச்சரின் அறை. இரண்டுக்கும் நடுவே வெளிப்புறமாக ஒரு படிக்கட்டு. வெளிச்சத்துக்காகத்தான் மிஷினை அங்கே போட்டேன். கண்ணில் படுவதும் காதில் விழுவதும் என் குற்றமில்லை. போதாததற்குப் பள்ளிச் சீருடை தைப்பதும் நான்தான் என்பதால், பிள்ளைகளின் இடுப்பளவும் அம்மாக்களின் மனக்குறையும் எனக்கு அத்துப்படி.

புது டீச்சர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே என்னிடம் வந்துவிட்டாள். தோள்பையின் பட்டை பிய்ந்திருந்தது. பையைத் தூக்கிப் பார்த்தேன். அவளைவிடக் கனமாக இருந்தது.

"உள்ள என்னம்மா, அம்மிக்கல்லா?"

"கவிதைப் புத்தகங்கக்கா. மூணாம் வகுப்புக்கு."

"அதுங்களுக்கு எதுக்கு இவ்வளவு?"

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், நாலே நாலு வாரம், பிள்ளைகளுக்குக் கவிதை அறிமுகம். அதுவரைக்கும் அந்த நேரத்தில் மனக்கணக்கு நடந்துகொண்டிருந்தது. நாலாவது வெள்ளிக்கிழமை பெரிய டீச்சரே வகுப்பில் வந்து உட்காருவார். பிள்ளைகள் சொந்தமாக ஒரு கவிதை சொல்ல வேண்டும்.

"பிடிச்சிருந்தா?"

"என்னை நிரந்தரமா வெச்சுக்குவாங்க."

"பிடிக்கலன்னா?"

"பீரியட் மனக்கணக்குக்குப் போயிடும். நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

"அவங்க முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவங்களாச்சேம்மா. சிரிச்சு நான் பாத்ததில்ல. உனக்கு வேற இடத்துல வேலை கிடைக்காதா?"

"கிடைக்கும்கா. இதுக்கு முன்னாடி மூணு இடத்துல கிடைச்சுது. எந்த இடத்துலயும் இந்த ஒரு பீரியட் மட்டும் கிடைக்கல."

பட்டையை இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். மனதுக்குள் ஒரு மாதம்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை. வகுப்பு முன்னால் நின்று, குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "கவிதைன்னா என்ன செல்லங்களா?" என்று கேட்டாள். முதல் பெஞ்சில் ஒருவன் எழுந்து பதில் சொன்னான்:

"அடிபிறழாமல் எழுதணும் டீச்சர். ஒரு வரி விட்டா அரை மார்க் போயிடும்."

வகுப்பே தலையாட்டியது. அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லைதானே? அவள் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒரு கவிதை வாசித்தாள். மூடிய கண்களில் பாதி திறக்கவே இல்லை, தூங்கிவிட்டன. மீதிப் பேரில் பதினொரு பேர் பாத்ரூம் போக வேண்டும் என்று விரலைத் தூக்கினார்கள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்தாள். கை மாற்றிக் கை மாற்றி எல்லோரும் பிடித்துப் பார்க்க வேண்டும்.

"இந்தக் கல்லு இப்ப என்ன நினைச்சிட்டிருக்கும்? சொல்லுங்க பாப்போம்."

"ஒண்ணும் நினைக்காது டீச்சர். போன வாரம்தான் அறிவியல்ல படிச்சோம். உயிருள்ளவை, உயிரற்றவை. கல்லு உயிரற்றவை."

"சும்மா கற்பனை பண்ணிப் பாரு கண்ணா."

"கற்பனைக்கு மார்க் உண்டா டீச்சர்?"

கல் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரவில்லை. என் ஜன்னல் தகரத்தின் மேல் 'டங்' என்று வந்து விழுந்தது. அந்த வாரம் பாத்ரூம் போனவர்கள் பதினாறு பேர்.

இந்த இடத்தில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். எழுதினால் வரும் என்று நினைத்து, பிள்ளைகளின் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினாள்: 'வரும் வெள்ளிக்கிழமை கவிதை கொண்டு வரவும்.'

ஊருக்குப் புதியவள், தெரியவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் 'கொண்டு வரவும்' என்றால் அது பெற்றோருக்கு வந்த உத்தரவு. 'ஐந்து வகை இலைகள் கொண்டு வரவும்' என்றால் அப்பா மரம் ஏற வேண்டும். 'எரிமலை மாதிரி கொண்டு வரவும்' என்றால் அம்மா தெர்மாகோலை அறுக்க வேண்டும். வீட்டிலிருந்து வகுப்பு வரை அதை உடையாமல் தூக்கிக்கொண்டு போவது ஒன்றுதான் பிள்ளைகளின் வேலை. வெட்டுவது, ஒட்டுவது, படம், தலைப்பு, லேமினேஷன் எல்லாம் கீழே ஜெராக்ஸ் கடையில் நடக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் வங்கிக்காரம்மா வந்து நின்றது எனக்கு மேலே கேட்டது. அந்த அம்மா வங்கியில் கேஷியர். எங்கே நின்றாலும் பின்னால் வரிசை நிற்பது போலவே பேசுவார்.

"அண்ணே, மூணாம் வகுப்புக் கவிதை இருக்கா? சீக்கிரம்."

"என்ன தலைப்பு?"

"தலைப்பு குடுக்கல."

"தலைப்பு இல்லாம எப்படிம்மா? எரிமலைன்னா எரிமலை. இலைன்னா இலை. கவிதைன்னு மொட்டையா வந்து கேட்டா நான் எதத் தேடுறது?"

"ஏதாவது ஒண்ணு தேடிக் குடுங்கண்ணே. எம் பையன் வெறுங்கையோட போய் நின்னா என் மானம் போயிடும்."

தேடலாம் என்றால் நெட் அன்றைக்கென்று படுத்துக் கிடந்தது. ஜெராக்ஸ்காரர் ஒரு வாடிக்கையாளரையும் திருப்பி அனுப்பி வழக்கமில்லாதவர். என் ஜன்னல் தொட்டிச் செடியிலிருந்து அவர் கடைப் பலகை மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததாம். அதைப் பார்த்துக்கொண்டே தட்டிவிட்டாராம். எனக்கு இதில் உள்ள பங்கு அந்தத் தண்ணீர் மட்டும்தான்.

'மேலே இருக்கும் மழையே நீ
மெல்ல மெல்ல விழுந்து வா
குடை விரித்து நிற்கின்றோம்
கூரை மேலே தாளம் போடு
குட்டை எல்லாம் நிரப்பிவிட்டு
சாக்கடை வழியே ஓடிப் போ.'

சும்மா சொல்லக் கூடாது, மோசமில்லை. சுற்றிலும் பூ பார்டர் வைத்து, லேமினேஷன் போட்டு, சூடாகக் கையில் கொடுத்துவிட்டார். வங்கிக்காரம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அது வங்கிக்காரம்மா இல்லை. வியாழக்கிழமை காலையிலிருந்தே கடை வாசலில் கூட்டம்.

"அவங்க பையனுக்கு மழை குடுத்தீங்களாமே, எங்களுக்கு அதே வேணாம். பசு குடுங்க."

"எங்களுக்கு ரயில்."

"அண்ணே, எம் பொண்ணுக்கு அம்மாவப் பத்தி. கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்."

ஒருவருக்கு ஒரு கவிதை எழுதலாம். இருபத்தொன்பது பேருக்கு எழுத மனிதனால் ஆகுமா? அவர் கம்ப்யூட்டரைக் கேட்டார். 'மழை' இருக்கிற இடத்தில் 'பசு' போடு. போட்டது. 'பசுயே' என்று வந்ததை மட்டும் 'பசுவே' என்று கையால் திருத்தினாராம். இலக்கணத்தில் ஆள் அவ்வளவு கண்டிப்பு. அடுத்து ரயில், அடுத்து அம்மா. பல் டாக்டர் தன் மகனுக்குப் பல் டாக்டரைப் பற்றியே வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டு போனார். வாங்கிய ஒருவராவது வாசித்துப் பார்க்க வேண்டுமே! பார்டர் நேராக இருக்கிறதா, பெயர் பெரிதாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை வங்கிக்காரம்மாவின் பையன் முதலில் எழுந்து மழையைச் சொன்னான். புது டீச்சரின் முகம் பூத்துவிட்டது. "அடடே! கூரை மேலே தாளம்! யாரு சொல்லிக்குடுத்தா?"

"லேமினேஷன்ல இருந்துச்சு டீச்சர்."

அவள் அதைப் பிடித்துக்கொள்வதற்குள் அடுத்தவன் எழுந்துவிட்டான். நெஞ்சை நிமிர்த்தி ஆரம்பித்தான்.

"மேலே இருக்கும் பசுவே நீ, மெல்ல மெல்ல விழுந்து வா!"

வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. பசு கூரை மேல் தாளம் போட்டபோது எங்கேயோ ஒரு கீச்சு. அது குட்டையை நிரப்பிவிட்டுச் சாக்கடை வழியே ஓடியபோது பின் பெஞ்சு தரையில் உருண்டது. அதற்கு மேல் ரயில் விழுந்தது. பல் டாக்டர் விழுந்தார். கடைசியில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டி, அம்மா சொல்லிக்கொடுத்தபடி கையைக் கட்டிக்கொண்டு, உருக்கமாக, "மேலே இருக்கும் அம்மாவே நீ மெல்ல மெல்ல விழுந்து வா" என்றாள். சாக்கடை வரி வந்ததும் அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

"அம்மா சாக்கடையில ஓடிட்டா சோறு யாரு போடுவா?"

"அழாத. உங்கப்பாவ விழச் சொல்லிக்கலாம்" என்று பக்கத்திலிருந்தவன் தேற்றினான்.

புது டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ பாவம், அழுகிறாள் என்று நான் ஊசியை நிறுத்திவிட்டேன். கையை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவளாக இருந்தால் இருபத்தொன்பது அட்டையையும் பிடுங்கி, பெற்றோரைக் கூப்பிட்டு விட்டிருப்பாள். இவள் கேட்டது வேறு.

"சரி. பசு மேலேருந்து விழுந்தா என்ன சத்தம் கேக்கும்?"

"தொப்!"

"போடா. தொப்புனு விழுறது துணி. பசு தொம்முனு விழும்."

"கூரை மேல தாளம் போடுதே, நாலு கால்லயா, ரெண்டு கால்லயா?"

"நாலு கால்ல டீச்சர். அப்பத்தான் வேகமாப் போட முடியும்."

"ரயில் எப்படிச் சாக்கடையில போகும்?"

"எஞ்சின் போயிடும் டீச்சர். நாலாவது பெட்டியில அடைச்சிக்கும்."

"அடைச்சா?"

"மழையக் கூப்பிடணும்!"

இப்படியே மணி அடிக்கிற வரை. அட்டையின் பின்னால் எழுதுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். லேமினேஷன் மேல் பென்சில் ஏறவில்லை. அதனால் வாயாலேயே எழுதினார்கள். அன்றைக்கு ஒரே ஒரு பிள்ளைகூட பாத்ரூம் கேட்கவில்லை.

அட்டை இல்லாமல் வந்தவள் ஒருத்திதான். கதவோரப் பெஞ்சில் உட்காருகிற ஓட்டைப்பல். முன்பல் இரண்டும் விழுந்து, புதுசு இன்னும் முளைக்கவில்லை. அப்பா பஸ் டிரைவர், அந்த வாரம் இரட்டை ஷிப்ட். ஜெராக்ஸ் கடைக்குப் போக யாருக்கும் நேரமில்லை. வாயைத் திறந்தால் காற்று போகும் என்று வகுப்பில் பேசவே மாட்டாள். அன்றும் பேசவில்லை. கதவு வழியாகப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தொற்றிவிட்டது. விளையாட்டு வாத்தியார் விழுந்தார். தண்ணீர்த் தொட்டி விழுந்தது. ஐந்தாம் வகுப்பு கணக்குப் புத்தகம் தினம் மூன்று முறை விழுந்தது. செவ்வாய்க்கிழமை இடைவேளையில், மூன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து புதிதாக இரண்டு வரி கிளம்பி, மதியத்துக்குள் மைதானம் முழுக்க ஒலித்தது.

'மேலே இருக்கும் பெரிய டீச்சரே
மெல்ல மெல்ல விழுந்து வாங்க!'

மரியாதை கெடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'வா' இல்லை, 'வாங்க'.

பெரிய டீச்சருக்கு ஆறு மாதமாக முட்டிவலி. ஊருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே நேராக நடப்பார். படியில் பாதி இறங்கியிருந்தபோது கீழே எண்பது பிள்ளைகள் அவரை அண்ணாந்து பார்த்து இதைப் பாடினால் எப்படி இருக்கும்? அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. திரும்பி மேலே ஏறிப் போய்விட்டார்.

அடுத்து நடந்ததைப் பெருக்குகிற ஆயாம்மா சொன்னாள். பெரிய டீச்சர் அறை வாசலை அன்றைக்கு அவள் அரை மணி நேரம் பெருக்கியிருக்கிறாள், அவ்வளவு சுத்தம்.

"என் பள்ளிக்கூடமே நான் விழணும்னு வேண்டிக்கிட்டிருக்கு. இதுக்குத்தான் மனக்கணக்க விட்டுக்குடுத்தேனா?"

"பிள்ளைங்க தப்பா நினைச்சுப் பண்ணல மேடம்..."

"வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொன்னேன், வருவேன். சொன்ன வார்த்தை சொன்னதுதான். என் காதால கேட்டுட்டு, அப்புறம் உங்க பேப்பர முடிச்சு அனுப்பிடறேன்."

அன்று சாயங்காலம் புது டீச்சர் நேராக ஜெராக்ஸ் கடையில் வந்து நின்றாள். நானும் நூல் வாங்குகிற சாக்கில் இறங்கினேன். ஜெராக்ஸ் கடையில் நூல் விற்பதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"பல் டாக்டர சாக்கடையில ஓட விட்டது நீங்கதானா?"

ஜெராக்ஸ்காரர் மிஷின் மூடியைத் திறந்து மூடினார். "நான் மழைக்குத்தாம்மா எழுதினேன். மத்ததெல்லாம் கம்ப்யூட்டர் போட்டது."

"இப்ப என் வேலை போகப் போகுது."

அவ்வளவுதான், மனிதர் உருகிவிட்டார். உடனே உட்கார்ந்து, வியர்க்க வியர்க்க, பெரிய டீச்சருக்கு ஒரு வாழ்த்துக் கவிதை தட்டினார். 'அறிவின் சுடரே, அன்பின் ஊற்றே' என்று ஆரம்பித்து எட்டு வரி. முப்பது காப்பி. இந்த முறை கம்ப்யூட்டரை விட்டு ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

"இத மனப்பாடம் பண்ண வெச்சிரும்மா. குளிர்ந்துடுவாங்க" என்றேன் நானும். வயதில் மூத்தவள், நல்லதுதானே சொல்வேன்.

புது டீச்சர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை வகுப்பில் விநியோகமும் செய்துவிட்டாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் வாசித்தார்கள். மறுபடி வாசித்தார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், இதுல யாருமே விழலையே?"

"விழ மாட்டாங்கடா. இது வாழ்த்து."

"அப்புறம் இதுல என்னதான் நடக்குது?"

அவள் எட்டு வரியையும் தானே ஒரு முறை வாசித்தாள். அப்புறம் முப்பது தாளையும் திரும்ப வாங்கி அடுக்கி, மேஜை டிராயரில் வைத்துச் சாத்தினாள். சரி, போயே போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். பெரிய டீச்சர் கையில் அந்தப் பேப்பரோடு இறங்கி வந்தார். நான் ஒரு பாவாடைக்கு ஜிப்பை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அதை மறுநாள்தான் பார்த்தேன். அவர் உட்காரவில்லை. கரும்பலகை முன்னால் நின்று கேட்டார்.

"என்னை விழச் சொன்ன கவிதை யாரோடது?"

பசுவை விழ வைத்தவன் தரையைப் பார்த்தான். ரயிலை விழ வைத்தவன் பசுவைப் பார்த்தான். கதவோரப் பெஞ்சில் ஓட்டைப்பல் எழுந்து நின்றாள்.

"என்னோடது டீச்சர்."

"சொல்லு. முழுசாச் சொல்லு."

"வெளிய எல்லாரும் ரெண்டு வரிதான் சொல்றாங்க டீச்சர். மீதிய நான் யாருக்கும் சொல்லல."

"இப்பச் சொல்லு."

பல் இல்லாத வாயில் பாதி எழுத்து காற்றாகப் போனது. ஆனாலும் சந்து தாண்டி எனக்கே கேட்டது.

'மேலே இருக்கும் பெரிய டீச்சரே
மெல்ல மெல்ல விழுந்து வாங்க
குடைய மல்லாக்கப் பிடிச்சிருக்கோம்
ஒம்பதாம் படியில நிக்க வேணாம்
முட்டியத் தடவ வேணாம்
நேரா எங்க வகுப்புல விழுங்க.'

பெரிய டீச்சர் கதவோரப் பெஞ்சுக்கு அருகே வந்தார். பிறகு, முதல் முறையாகக் குரலை இறக்கி, "ஒம்பதாம் படின்னு யாரு சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லல டீச்சர். இங்கேருந்து தெரியும். மொத்தம் பதினாலு படி. ஒம்பதுல நிப்பீங்க. யாரும் பாக்கலன்னா முட்டியத் தடவுவீங்க. யாராவது வந்தா சுவர்ல இருக்கிற கடிகாரத்தப் பாப்பீங்க. அங்க கடிகாரமே இல்ல டீச்சர், ஆணிதான் இருக்கு."

எனக்குச் சுரீர் என்றது. ஆறு மாதமாக எதிர் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தெருவில் என் கண்ணுக்குத் தப்பி ஒரு பூனை போகாது. ஆணியை நான் பார்க்கவில்லை.

"குடை எதுக்கு மல்லாக்க?"

"பிடிக்கிறதுக்கு. கவுத்துப் பிடிச்சா நீங்க வழுக்கிக் கீழ போயிடுவீங்க."

பெரிய டீச்சர் முகம் கணக்குத் திருத்துகிற முகமாக மாறியது. "ஒரு குடை என்னத் தாங்காது."

"எத்தனை குடை வேணும் டீச்சர்?" என்று வகுப்பே கத்தியது. ஆளுக்கொரு எண் பறந்தது. ஒருவன் பஸ்ஸின் கூரையே வேண்டும் என்றான். ஓட்டைப்பல் அவனை முறைத்தாள். பெரிய டீச்சர் கையைத் தூக்கினார். அமைதி.

"எல்லாம் சரி. ஆனா பெரியவங்கள 'விழுங்க'ன்னு சொல்லக் கூடாது. 'இறங்கி வாங்க'ன்னு மாத்து."

ஓட்டைப்பல் யோசித்தாள். "இறங்கினா முட்டி வலிக்கும் டீச்சர். விழுந்தாத்தான் வலிக்காது."

"நான் மாத்தச் சொல்றேன்."

அவள் தன் டீச்சரைப் பார்த்தாள். வகுப்பு முழுக்கத் தன் டீச்சரைப் பார்த்தது. நானும் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. 'மாத்திடும்மா' என்று சொன்னால் போதும், வேலை கையில். புது டீச்சர் தோள்பைப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், அந்த வரி அவளோடது. அவளுக்கு மாத்தணும்னு தோணினா மாத்தலாம். நான் சொல்ல முடியாது. நீங்களும்..." அதற்கு மேல் வரவில்லை. வந்த வரைக்குமே அதிகம்.

"தோணுதா?" என்று பெரிய டீச்சர் குழந்தையிடம் கேட்டார்.

"இல்ல டீச்சர்."

பெரிய டீச்சர் கையிலிருந்த பேப்பரை மடித்தார். மறுபடி மடித்தார். வெளியே போய்விட்டார். படி ஏறும்போது ஒன்பதாவது படியில் நின்றார். கீழே வகுப்பு கதவில் முப்பது தலைகள். நின்றவர் கடிகாரம் பார்க்கவில்லை. குனிந்து, எல்லோருக்கும் தெரியும்படி, முட்டியை நன்றாகத் தேய்த்துவிட்டு மேலே போனார்.

சனி, ஞாயிறு எனக்குத் தூக்கமே இல்லை. புது டீச்சர் பெட்டி கட்டிவிட்டாள் என்று வங்கிக்காரம்மா வந்து சொன்னார். ஜெராக்ஸ்காரர் இரண்டு நாளும் கடையைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆயாம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள்.

"அக்கா, லெட்டர் குடுத்துட்டாங்க!"

"எந்த லெட்டர்? போன்னா, இருன்னா?"

"இருன்னு! டைம்டேபிள்ல மையில எழுதிட்டாங்க, கவிதைன்னு. இன்னொண்ணு கேளுங்க. பெரிய டீச்சர் ரூம கீழ மாத்தறாங்க. விளையாட்டுச் சாமான் ரூம காலி பண்ணிட்டு அங்க மேஜையப் போடணுமாம். இனிமே படியே ஏற மாட்டாங்களாம். நான்தான் எல்லாத்தையும் தூக்கணும், என் முட்டிய யாரு பாடுறா?"

எல்லாம் சுபம் என்று நான் ஊசியில் நூல் கோத்தேன். பதினொரு மணிக்கு இடைவேளை மணி அடித்தது. கீழே புது அறை வாசலில் ஒரு சின்ன உருவம் போய் நின்றது. ஓட்டைப்பல். பேசவே மாட்டாள் என்று சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

"டீச்சர், நீங்க மறுபடி மேல போகணும்."

"ஏன்?"

"'மேலே இருக்கும் பெரிய டீச்சரே'ன்னுதான் ஆரம்பம். நீங்க கீழ வந்துட்டீங்க. கவிதை கெட்டுப்போச்சு."

"எனக்காக ஒரு வார்த்தைய மாத்த மாட்டேன்னு சொன்ன. இப்ப உன் வார்த்தைக்காக நான் ரூம மாத்தணுமா?"

"ரூம் வேணாம் டீச்சர். நீங்க மட்டும் போனாப் போதும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல. நாங்க சொல்லி முடிக்கிற வரைக்கும்."

பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மேஜை டைரியைத் திறந்து, வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை நிமிஷம் ஆகும்?"